பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விடாமல் வாசியுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்யும் ஒருவராவது உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, லயத்திலோ இருப்பார். இது அவருக்காக.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது பின்னால் ஒரு பேச்சு கேட்டது. “இருபது வருசம் சோறு போட்ட சங்கத்தையே கோட்டுக்கு இழுத்திட்டாரே மனுசன்.” பக்கத்தில் நின்றவர், “புறமோசன் எல்லாம் நஸீப். அதுக்குப் போய் லோயருக்குக் காசு கொட்டுறதா?” என்றார். இருவரும் நல்ல மனிதர்கள். ஒருவருடைய பிள்ளைக்கு நாங்கள் படிப்பிக்கிறோம். பள்ளிவாசல் வாசலில் வாக்குவாதம் வேண்டாம் என்று வந்துவிட்டோம். அன்று பின்னேரம் தேத்தண்ணிக் கடையிலும் அதே பேச்சு. திங்கட்கிழமை ஆசிரியர் அறையிலும் அதே பேச்சு. படித்தவர்கள் கூடுகிற இடத்திலும் இப்படியா என்று நினைத்த பிறகுதான் எழுத உட்கார்ந்தோம்.

வழக்குப் போட்ட நானாவின் பெயரை எழுதமாட்டோம். சங்கத்தின் பெயரும் வேண்டாம். வழக்கு நடக்கிறது. தீர்ப்புச் சொல்ல நாங்கள் நீதிபதிகள் இல்லை. அவர் சொன்னதையும் கடிதங்களில் நாங்கள் கண்டதையும் மட்டும் சொல்கிறோம்.

2004இல் அவர் அமைய ஊழியராகச் சேர்ந்தார். அரிசி மூட்டை இறக்கினார், பருப்பு நிறுத்தார், பில் போட்டார். 2009இல் அவரை நிரந்தரமாக்கப் பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்தது. நியமனக் கடிதம் கைக்கு வந்ததோ 2012இல். 2017இலிருந்து ஆறு வருடம் ஒரு கிளைக்குப் பதில் முகாமையாளர். கடைத் திறப்பு அவரிடம். இருப்புக் குறைந்தால் பொறுப்பு அவர். கொவிட் காலத்தில் ஊரடங்குக்குள் லொறியில் சாமான் ஏற்றித் தோட்டத்துக்குத் தோட்டம் போனதும் அவர்தான். சம்பளம் மட்டும் பழைய விற்பனையாளர் சம்பளம். 2023இல் முகாமையாளர் பதவிக்கு நேர்முகத் தேர்வு வைத்தார்கள். சேவை மூப்புப் பட்டியல் என்ற ஒரு தாளை அன்றுதான் முதல் தடவையாகக் கண்டார். அதில் அவருடைய சேவை 2012இல் தொடங்குகிறது. 2010இல் நேரடியாக நிரந்தர நியமனத்தோடு வந்த தம்பி, இவரிடம் தராசு பிடிக்கப் பழகியவர், பட்டியலில் இவருக்கு மேலே. பதவி தம்பிக்குப் போனது.

தம்பியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது, அவர் கையிலும் முறையான கடிதம் இருக்கிறது. இப்போது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பத்து வருடம் ஒரே பாத்திரத்தில் சோறு சாப்பிட்டவர்களை ஒரு தாள் பிரித்துவிட்டது.

கேள்வி இதுதான்: அந்த நானாவின் சேவை தொடங்கியது 2004இலா, 2009இலா, 2012இலா? மூன்றுக்கும் வாதம் இருக்கிறது. அவர் நீதிமன்றம் போனது இந்தக் கேள்விக்குப் பதில் கேட்டு. சங்கத்தைக் கவிழ்க்கப் போகவில்லை.

“ஒரு புறமோசன்தானே” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பழைய சம்பளத்துக்கும் புதிய சம்பளத்துக்கும் மாதம் 8,000 ரூபா வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வுபெற இன்னும் 5 வருடம். 60 மாதத்துக்கு 480,000 ரூபா. அதற்குத் தொழில்கொள்வோர் கட்டும் ஊழியர் சேமலாப நிதி 12 வீதம்: 57,600. ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம்: 14,400. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் அரை மாதம். 20 வருட சேவை என்றால் பத்து மாதச் சம்பளம். அதில் 8,000 குறைந்தால் 80,000 ரூபா குறைகிறது. கூட்டிப் பாருங்கள்: 632,000 ரூபா. ஒரு மகளின் கல்யாணம், அல்லது ஒரு மகனின் படிப்பு. வேலைத்தளத்தில் யாருக்குக் கீழே நிற்கிறார் என்ற மரியாதை இந்தக் கணக்கில் சேரவில்லை.

இனி அந்தப் பேச்சுக்களுக்கு வருவோம்.

முதலாவது: “சோறு போட்ட சங்கத்தைக் கோட்டுக்கு இழுக்கலாமா?”

சங்கம் அவருக்குச் சோறு போடவில்லை. அவர் வேலை செய்தார், கூலி வாங்கினார். சங்கம் பணிப்பாளர் சபையின் சொத்தும் இல்லை. இந்த நாட்டின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று சொல்லப்படுவது நம் மத்திய மாகாணத்தில்தான், தெல்தெனியப் பக்கம் மெனிக்ஹின்னவில், 1906இல் தொடங்கியது. அதற்கான முதல் சட்டம் 1911இல் வந்தது. கந்துவட்டிக்காரனிடம் காணியை இழந்துகொண்டிருந்தவர்கள் சல்லி சேர்த்து ஒருவருக்கொருவர் கை கொடுத்த வேலை அது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, உள்ளே வேலை செய்பவருக்குக் கணக்குக் காட்டமாட்டோம் என்றால் கூட்டுறவு எங்கே இருக்கிறது?

இன்னொன்றையும் யோசியுங்கள். 2021இல் சம்பளச் சபை மூலம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனபோது கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின. 2024இல் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தபோது மறுபடி வழக்குப் போட்டன. ஜூலையில் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடையும் வாங்கின. கடைசியில் 1,350 ரூபாவில் வந்து நின்றது. “இத்தனை வருசம் கொழுந்து பறிச்சுக் குடுத்த சனத்தையே கோட்டுக்கு இழுத்திட்டாங்களே” என்று கம்பனி டைரக்டர்களுக்கு யாராவது வெட்கம் கற்பித்தார்களா? கம்பனி கோட்டுக்குப் போனால் அது உரிமை. தொழிலாளி போனால் நன்றி கெட்டதனம். இந்த அளவுகோலை நம் கையில் கொடுத்தது யார்?

இரண்டாவது: “எல்லாம் நஸீப்.”

நஸீபை நாங்களும் நம்புகிறோம். ஆனால் அது அல்லாஹ்வின் ஏற்பாடு. பணிப்பாளர் சபைக் கூட்டத்தில் எடுத்த தீர்மானத்துக்கு அந்தப் பெயரை வைக்காதீர்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், பகரா சூராவின் 282ஆவது வசனம், எதைப் பற்றியது? கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தவணை, எழுத்தர், சாட்சி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. எழுதி வை என்று கற்ற சமூகம், எழுதாமல் விட்டதையெல்லாம் விதி என்று சொல்லி மூடக்கூடாது.

நாட்டின் சட்டமும் இதை யாருடைய தயவுக்கும் விடவில்லை. 1972இல் இரண்டு சட்டங்கள் வந்தன. 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 12ஆம் இலக்கக் கூட்டுறவு ஊழியர் ஆணைக்குழுச் சட்டம். சங்க ஊழியர்களை எந்த முறையில் எடுப்பது, எந்தக் கோட்பாட்டில் பதவி உயர்த்துவது என்பதைத் தீர்மானிக்கும் வேலை இரண்டாவது சட்டத்தின்படி அந்த ஆணைக்குழுவுக்கு உரியது. 1987இல் 13ஆவது திருத்தம் வந்தது. மாகாண சபைப் பட்டியலின் 17ஆவது விடயம் கூட்டுறவு. மாகாணக் கூட்டுறவு ஊழியர் ஆணைக்குழு என்றும், சங்க ஊழியர்களின் தொழில், பதவியுயர்வு, ஓய்வு என்றும் அதில் தனித்தனியாக எழுதியிருக்கிறது. நம் ஊர்க் கூட்டுறவுக் கடையில் பருப்பு நிறுக்கும் மனிதரின் பதவியுயர்வுக்கு இந்த நாட்டின் அரசியலமைப்பில் ஒரு வரி இருக்கிறது. ஜும்ஆ வாசலில் “நஸீப்” என்று சொன்ன சகோதரரே, இதைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள்.

அந்த வரியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய மத்திய மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நடத்துகிறார்கள். மாகாண சபை இல்லாததால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில். சங்க ஊழியரின் முறைப்பாட்டைக் கையில் எடுத்துச் சபையில் எழும்பிக் கேட்க ஓர் உறுப்பினர் இல்லை.

மூன்றாவது, ஆசிரியர் அறையில் கேட்டது: “மூப்பை மட்டும் பார்த்தால் திறமைக்கு என்ன மரியாதை?”

நியாயமான கேள்வி. வயது போனதற்காக மட்டும் ஒருவரை முகாமையாளராக்கினால் கடை படுத்துவிடும். திறமைக்குப் புள்ளி போடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் எதற்கு எத்தனை புள்ளி என்று விண்ணப்பம் கோருவதற்கு முன்பே எழுதி ஒட்டுங்கள். சேவைக்காலத்துக்கு இவ்வளவு, பரீட்சைக்கு இவ்வளவு, நேர்முகத்துக்கு இவ்வளவு என்று போடுங்கள். நாங்கள் பரீட்சைத் தாளைத் திருத்திவிட்டுப் புள்ளித்திட்டம் தயாரித்தால் பெற்றோர் விடுவார்களா? நேர்முக அறைக்குள் நடந்ததை வெளியே சொல்லாமல் “திறமை” என்ற ஒரு சொல்லால் மூடுவது திறமைக்குச் செய்யும் மரியாதை இல்லை. நானாவின் விடயத்தில் இன்னொரு கேள்வியும் வருகிறது. ஆறு வருடம் கிளையை நடத்தத் திறமை இருந்தவருக்கு, அதே கிளையை நடத்தும் பதவிக்குத் திறமை இல்லாமல் போனது எந்த நாளில்?

ஆசிரியர்களான நாங்கள் இதைப் பேசத் தயங்கக்கூடாது. எங்களுக்கு இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு இருக்கிறது. 2014 அக்டோபர் 23ஆம் திகதி 1885/38 என்ற வர்த்தமானியில் வந்தது. எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்புக்கு, எத்தனை வருடம், என்ன தகைமை, எல்லாம் அச்சில் இருக்கிறது. தாமதம் வந்தால் அந்தத் தாளைக் காட்டிச் சண்டை பிடிக்கிறோம். அப்படியிருந்தும் மலையகத்தில் ஆசிரிய உதவியாளர்களாக வந்த பிள்ளைகள் மாதம் 6,000 ரூபாவுக்கும், பிறகு 10,000 ரூபாவுக்கும் வகுப்பு எடுத்தார்களே, அந்த வருடங்கள் எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்டது நமக்கு மறந்துவிட்டதா? அது எங்களுக்கு வலித்தது என்றால், நானாவின் 2004 முதல் 2012 வரையான எட்டு வருடமும் வலிக்க வேண்டும்.

மூப்புச் சண்டையின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் திகதியில்தான். வேலைக்கு வந்த திகதி, நிரந்தரமாக்கத் தீர்மானித்த திகதி, கடிதம் கொடுத்த திகதி, பதில் கடமை தொடங்கிய திகதி. நான்கும் நான்கு விதமாக இருக்கும். எதைக் கணக்கெடுப்பது என்று முன்கூட்டி எழுதாவிட்டால், கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பிடித்தது கணக்கு. சங்கங்களை ஒன்றாக இணைக்கும்போது இது இன்னும் சிக்கலாகும். 1971 அளவில் ஆயிரக்கணக்கான சின்னச் சங்கங்களை 370 வரையான பெரிய பலநோக்குச் சங்கங்களாக இணைத்தார்கள். ஒரு சங்கத்தின் மனேஜரும் இன்னொரு சங்கத்தின் மனேஜரும் ஒரே பட்டியலுக்குள் வந்தால் யார் மேலே, யார் கீழே? இன்றைக்கும் கிளைகளை மூடும்போதும் சேர்க்கும்போதும் இதே கேள்வி வருகிறது. சட்டம் இல்லாத இடத்தில் வரும் பிரச்சினை இல்லை இது. தாள் இல்லாத இடத்தில் வருவது.

பக்கத்து நாட்டைப் பாருங்கள். 1990இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், மகாராஷ்டிர மாநிலத்துப் பொறியியலாளர்களின் மூப்பு வழக்கில் ஒரு கோட்டைக் கீறினார்கள். விதிப்படி நியமிக்கப்பட்டவருக்கு மூப்பு நியமன நாளிலிருந்து எண்ணப்படும், உறுதிப்படுத்திய நாளிலிருந்து இல்லை. விதிக்குப் புறம்பாக, இடத்தை நிரப்பத் தற்காலிகமாகப் போட்ட காலம் எண்ணப்படாது. ஆனால் நடைமுறை முழுதாகப் பின்பற்றப்படாமல் நியமித்திருந்தாலும், விதிப்படி முறைப்படுத்தும் வரை இடைவிடாமல் அந்தப் பதவியில் இருந்திருந்தால் அந்தக் காலம் எண்ணப்படும். இந்தத் தீர்ப்பு நம் நாட்டு நீதிமன்றத்தைக் கட்டாது. அது அரச சேவை பற்றியது, கூட்டுறவு பற்றியதும் இல்லை. நானாவுக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் அதில் வரிகள் இருக்கின்றன. ஆனாலும் சொல்கிறோம், ஏனென்றால் “பதில் கடமை பார்த்த காலம் எண்ணப்படுமா” என்பது வெறும் புலம்பல் இல்லை, ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து யோசித்த கேள்வி.

சரி, நியாயம் இருக்கிறது. எந்தக் கதவைத் தட்டுவது? நம் ஆட்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

தொழில் நியாய சபைக்குப் போகலாம் என்பார்கள். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1957இல் செய்த திருத்தத்தோடு வந்தது அது. வேலையை விட்டு நிறுத்தினால், பணிக்கொடை தராவிட்டால், தொழிலாளி நேரே அங்கே போகலாம். வேலையில் வைத்துக்கொண்டே பதவியுயர்வை மறுத்தால் அந்தக் கதவு நேரடியாகத் திறக்காது. தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்து, இணக்கப் பேச்சு, நடுத்தீர்ப்பு என்று நடக்க வேண்டும்.

அடிப்படை உரிமை வழக்கு என்பார்கள். அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை சமத்துவம் தருகிறது. 126ஆவது உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். ஒரு மாதம்! ஹட்டனிலிருந்து கொழும்பில் ஒரு சட்டத்தரணியைத் தேடிப் பிடிக்கவே அந்த மாதம் போய்விடும். போனாலும், உரிமையை மீறியது அரச நிருவாகமா, தனியான ஒரு சங்கமா என்று முதல் நாளிலேயே வாதம் கிளம்பும்.

மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கலாம். 154P உறுப்புரை அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. மாகாணப் பட்டியலில் உள்ள விடயத்தில், மாகாணத்துக்குள் சட்டப்படி அதிகாரம் செலுத்துபவருக்கு எதிராகப் போகலாம். கூட்டுறவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சங்கத்தின் முடிவு சட்ட அதிகாரமா, வெறும் வேலை ஒப்பந்தமா என்ற கேள்வி இங்கேயும் வரும். கடல் கடந்தும் இதே சுவர்தான். 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கூட்டுறவுச் சங்கத்துக்கு எதிராக எப்போது இப்படியான மனு செல்லும், எப்போது செல்லாது என்று நீளமாக ஆராய வேண்டி வந்தது. சங்கத்தின் சொந்தத் துணைவிதியை மட்டும் பிடித்துக்கொண்டு போனவருக்கு வழி ஒடுக்கம். சட்டம் விதித்த கடமையை மீறியதைக் காட்டியவருக்கு வழி இருக்கிறது. தாமதித்துப் போனால் எந்த நாட்டு நீதிமன்றமும் முகம் சுளிக்கும்.

ஆகவே, பட்டியலை எந்த நாளில் கண்டோம், எந்த நாளில் எழுத்தில் ஆட்சேபித்தோம், எந்த நாளில் பதில் வந்தது என்ற மூன்று திகதிகள்தான் வழக்கின் உயிர். நானாவிடம் முதல் மூன்று மாதம் எழுத்தில் ஒன்றும் இல்லை. ஏன்? அந்த மூன்று மாதமும் அவர் ஓர் அரசியல்வாதியின் வீட்டு வாசலில் நின்றார். போகச் சொன்னது நாம். “எம்பியைப் பிடியுங்க நானா, ஒரு கோல் எடுத்தாப் போதும்” என்று நம்மில் எத்தனை பேர் சொன்னோம்? கோல் எடுத்ததாகச் சொன்னார்கள். கோல் எடுத்ததற்குத் திகதியும் இல்லை, கையொப்பமும் இல்லை.

இங்கே எங்கள் பங்கையும் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு பெற்றார் வந்தார். மகனைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும், ஒரு கடிதம் தாருங்கள் என்றார். நல்ல பிள்ளை, எங்களிடம் படித்தவன். தெரிந்த பணிப்பாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதினோம். வேலையும் கிடைத்தது. சந்தோசப்பட்டோம். அந்தக் கதிரைக்கு அமைய ஊழியராக எத்தனை வருடம் யார் காத்திருந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. இந்தத் துண்டுக் கலாசாரத்தை அரசியல்வாதி மட்டும் நடத்தவில்லை. பள்ளிவாசல் தலைவர், கோயில் தலைவர், தொழிற்சங்கத் தலைவர், எங்களைப் போல ஆசிரியர், எல்லோரும் சேர்ந்து நடத்துகிறோம். நம் பிள்ளைக்குத் துண்டு கிடைத்தால் உதவி, அடுத்தவன் பிள்ளைக்குக் கிடைத்தால் அநியாயம். அந்தப் பாவத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. அல்லாஹ் மன்னிக்கட்டும். இனி அப்படி எழுதமாட்டோம்.

இதை ஓர் இனத்தின் பிரச்சினையாகச் சுருக்கிவிடவும் வேண்டாம். பதவி கிடைத்த தம்பியும் முஸ்லிம்தான். கூட்டுறவு கிராமிய வங்கியில் வேலை செய்யும் ஓர் அக்காவை எங்களுக்குத் தெரியும். பொகவந்தலாவப் பக்கம் லயத்தில் பிறந்து, அம்மாவின் கொழுந்துக் கூலியில் உயர்தரம் வரை படித்தவர். பதவியுயர்வுப் பரீட்சைக்கான அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் வந்து ஒரு கோவைக்குள் கிடந்தது. முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் பிந்தித்தான் அவருக்குத் தெரியும். அம்பகமுவ, நுவரெலியா உட்பட இந்த மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் வர்த்தமானி மூலம் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் இந்த மண்ணில் தமிழில் ஓர் அறிவித்தல் வராததால் ஒரு பெண் பரீட்சையைத் தவறவிடுகிறார். மறுபக்கம், ஒரு சிங்களச் சகோதரர் பதில் கடமையிலேயே பதினொரு வருடம் இருந்து ஓய்வுபெற்றதையும் கண்டிருக்கிறோம். பட்டியல் ஒளித்து வைக்கப்படும் இடத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் ஏமாறுவார்.

ஆகவே கேட்கிறோம்.

பணிப்பாளர் சபைகளே! ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் சேவை மூப்புப் பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் தலைமையகச் சுவரிலும் ஒவ்வொரு கிளைச் சுவரிலும் ஒட்டுங்கள். பெயர், முதல் நாள் வேலைக்கு வந்த திகதி, நிரந்தரத் தீர்மானத் திகதி, கடிதத் திகதி, பதில் கடமைக் காலம், சித்தியடைந்த பரீட்சை, எல்லாம் அதில் இருக்கட்டும். ஆட்சேபிக்க ஒரு மாதம் கொடுங்கள். பதிலை எழுத்தில் கொடுங்கள். இதற்கு நாலைந்து தாளும் கொஞ்சம் பசையும்தான் செலவு. ஒட்டப் பயந்தால், ஏன் பயம் என்று அங்கத்தவர்கள் பொதுக்கூட்டத்தில் கேட்போம்.

பதில் கடமை ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இடத்தை நிரப்புங்கள், அல்லது அந்த வேலைக்கு உரிய கொடுப்பனவைக் கொடுங்கள். பொறுப்பை மட்டும் ஒருவர் தலையில் ஏற்றி வைத்துச் சம்பளத்தை மிச்சம் பிடிப்பது கூட்டுறவு இல்லை.

மாகாணத்தில் கூட்டுறவுக்குப் பொறுப்பான அதிகாரிகளே! தமிழில் எழுதிய முறைப்பாட்டுக்குத் தமிழில் பதில் அனுப்புங்கள். இன்ன திகதிக்குள் முடிவு என்று சொல்லுங்கள். உங்கள் பதிலுக்காகக் காத்திருந்த காலத்திலேயே ஒருவருடைய நீதிமன்றத் தவணை கடந்துபோகிறது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை.

தொழிற்சங்கங்களே! நாட்சம்பளத்துக்காக நீங்கள் தெருவில் இறங்கியபோது நாங்களும் கூட நின்றோம். தோட்டத்துக்கு வெளியே, கடையிலும் வங்கியிலும் சங்கத்திலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் சந்தா வாங்குகிறீர்கள். அவர்களுடைய கோவையையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

சங்கத்தில் வேலை செய்யும் உறவுகளே! இன்றிரவு வீட்டில் ஒரு கோவை திறவுங்கள். முதல் நியமனக் கடிதம், சேமலாப நிதிக் கூற்று, சம்பளச் சீட்டுகள், பதில் கடமைக் கடிதம், எல்லாவற்றையும் திகதிப்படி அடுக்குங்கள். வாயால் சொன்ன கட்டளையை அன்றைக்கே ஒரு கடிதத்தில் எழுதி, பதிவுத்தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வையுங்கள். பட்டியலைக் காட்ட மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சங்கம் இழுத்தடித்தாலும், கூட்டுறவுத் திணைக்களத்திடம் உள்ள பிரதியை அந்தச் சட்டத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். தெரிவு முடிவு வந்த நாளைக் கலண்டரில் வட்டம் போடுங்கள். ஒரு மாதம் என்பது நாலு ஞாயிற்றுக்கிழமை.

ஊரவர்களே! உங்களிடம் கேட்பது மிகச் சின்னது. அந்த நானா கடைத்தெருவில் வரும்போது முகத்தைத் திருப்பாதீர்கள். போன மாதம் அவர் வழக்குக்குப் போய் வந்த அன்று பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருந்தவர் எழும்பிப் போய்விட்டாராம். அவர் எங்களிடம் அதைச் சொன்னபோதுதான் குரல் உடைந்தது. பதவி போனதைச் சொன்னபோது உடையவில்லை.

அவர் வழக்கில் வெல்வாரோ தெரியாது. தோற்கவும் கூடும். 2012 என்பதுதான் சட்டப்படி சரி என்று நீதிமன்றம் சொன்னால் அவரும் ஏற்க வேண்டும், நாங்களும் ஏற்க வேண்டும். ஆனால் அந்தப் பட்டியலை 2013 ஜனவரியில் ஒட்டியிருந்தால் அவர் அப்போதே கேட்டிருப்பார். பத்து வருடம் தவறான நம்பிக்கையோடு வேலை செய்திருக்கமாட்டார். தம்பியும் அவரும் இன்றைக்கும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டிருப்பார்கள்.

உங்கள் கடிதங்களை வாசிக்கவோ, தமிழில் ஒரு முறைப்பாடு எழுதவோ உதவி வேண்டுமானால், சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் சில ஆசிரியர்கள் இருக்கிறோம். உள்பெட்டியில் எழுதுங்கள். காசு வேண்டாம். துண்டு கேட்டு மட்டும் வராதீர்கள்.

கருத்து மாறுபடுபவர்கள் கீழே எழுதுங்கள். யாருடைய பெயரையும் சங்கத்தின் பெயரையும் போடாமல் எழுதுங்கள். வழக்கு நடக்கிறது.

வஸ்ஸலாம்.